மடிக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு

பிரதி வருஷமும் கலாசாலைகள் திறக்கும் காலம் நெருங்கும்போது நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு பெருஞ்செலவு வந்து சேருகிறது. மடிக்கணினி வாங்குவதே அச்செலவு. 2011-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் மாணாக்கர்களுக்கு மடிக்கணினியை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, இஃதென்ன ஆடம்பரம் என்று கேட்டவர் பலர். இன்று அவ்வாறு கேட்பாரில்லை. பாடம், பரீட்சை, விண்ணப்பம், உத்தியோகம் ஆகிய யாவும் இந்த யந்திரத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, குடும்பஸ்தர் கையிருப்பைத் திரட்டியோ, மாதத் தவணைக்குக் கையெழுத்திட்டோ எப்படியேனும் ஒன்று வாங்கிவிடுகிறார்.

எந்த யந்திரத்தை வாங்குவது என்பதைப் பற்றி அவர் ஒரு வாரம் விசாரிக்கிறார். அறிந்தவர்களைக் கேட்கிறார், நான்கு கடை ஏறி இறங்குகிறார், ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்காக அரைமணி நேரம் வாதாடுகிறார். இவ்வளவும் செய்த பிறகு, பணம் செலுத்தும் மேஜையருகே, கடைசிப் பத்து நிமிஷத்தில் வேறொரு வியாபாரம் நடக்கிறது. "வாரண்டியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கொள்ளுங்கள், ஸார், பை, மௌஸ், ஆண்டிவைரஸ், கீபோர்டு கவர் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டுவிடுகிறேன்" என்று விற்பனையாளர் சாதுரியமாகப் பேசுகிறார். களைத்துப் போன தந்தையும், யந்திரத்தை எப்போது கையில் வாங்குவோம் என்று பரபரக்கும் மகனும் தலையசைத்துவிடுகின்றனர். ஒரு வாரம் வாதாடி மிச்சம் பிடித்ததைப்போலப் பன்மடங்கு இந்தப் பத்து நிமிஷத்தில் கைமாறிவிடுகிறது. இந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம்.

தேச காரியங்கள் எத்தனையோ காத்திருக்க, கடை வியாபாரத்தைப் பற்றிப் பத்திரிகை எழுதுவானேன் என்று நமது வாசகர்களில் பொதுவேலை செய்வோர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். முன்னாளில் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடும், சந்தாக் கணக்கும், தீர்மானப் புஸ்தகமும் அலமாரியில் பூட்டியிருந்தன. இன்று அவை யாவும் காரியதரிசியின் மடியிலுள்ள ஒரு யந்திரத்தில் அடங்கியிருக்கின்றன. அந்த யந்திரத்தை வாங்கும் பணம் பலருடைய சந்தாப் பணம். அதில் ஆயிரம் ரூபாய் வீணானாலும் பதில் சொல்லவேண்டியவர்கள் நம் நண்பர்களேயாவர்.

நிற்க. முதலில் வாரண்டியை எடுத்துக்கொள்வோம். புதிய மடிக்கணினிக்கு உற்பத்தி செய்த கம்பெனி சாதாரணமாக ஒரு வருஷ உத்தரவாதம் அளிக்கிறது. சில மாடல்களுக்கு அதற்கு மேலும் உண்டு. அதன் மேல் பணம் பெற்றுக்கொண்டு நீட்டித்துத் தருவதையே கடைகளில் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்கிறார்கள். இதில் வாங்குவோர் செய்யும் பெரும் பிழை, இது எல்லா ஆபத்திற்கும் பரிகாரம் என்று எண்ணுவதுதான். உண்மையில் வாரண்டி என்பது உற்பத்திக் குறைக்கு மட்டும் உரியது. யந்திரத்தின் உள்ளே ஒரு பாகம் தானாகப் பழுதுபட்டால் கம்பெனி மாற்றித் தரும். மேஜையிலிருந்து விழுந்து திரை விரிந்தாலும், காப்பி கொட்டி விசைகள் ஒட்டிக்கொண்டாலும் அது உபயோகிப்பவரின் கைத்தவறு, வாரண்டியில் சேராது. முதல் வருஷத்தில் சேராதது நீட்டித்த வருஷங்களிலும் சேராது. கீல் உடைந்தால், அது குறையா, முரட்டுக் கையா என்ற வழக்கு எழும். அந்த வழக்கில் பெரும்பாலும் உடையவருக்கே தோல்வி. பாட்டரியோ, யந்திரத்திற்கு மூன்று வருஷ வாரண்டி இருந்தாலுங்கூடப் பெரும்பாலான கம்பெனிகளின் ஷரத்துப்படி ஒரு வருஷத்திற்கே உரியது. இனி ஒரு மாணாக்கனுடைய யந்திரம் எவ்விதம் கெடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். திரை உடைகிறது, தண்ணீர் கொட்டுகிறது, கீல் தளர்கிறது, பாட்டரி இளைக்கிறது. சாதாரணமாக நேரும் நான்கு விபத்துக்களில் எத்தனைக்கு அந்த நீட்டிப்பு உதவும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விழுந்து உடைவதற்கும் நீர் புகுவதற்கும் கம்பெனிகள் வேறொரு திட்டம் வைத்திருக்கின்றன. அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று பெயர். அதற்குத் தனிக் கட்டணம்; வருஷத்திற்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும், ஒவ்வொரு முறையும் இவ்வளவு தொகையை நாம் செலுத்தவேண்டும் என்ற ஷரத்தும் சிலவற்றில் உண்டு. திருட்டுப் போனால் இதுவும் சாதாரணமாக உதவாது. ஆயினும், தினந்தோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் யந்திரத்தைத் தூக்கித் திரிவோருக்கு வெறும் நீட்டிப்பைவிட இதுவே பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம். விற்பனையாளர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் 'புல் கவரேஜ்' என்று சொல்லிவிடுவதுண்டு. அவ்வார்த்தையை நம்பலாகாது. எழுத்தில் உள்ளது எது என்று கேட்கவேண்டும்.

இரண்டாவதாக, வாக்குறுதி கொடுப்பவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. யந்திரத்தைச் செய்த கம்பெனியே நீட்டிப்பை விற்குமாயின், அது யந்திரத்தின் வரிசை எண்ணோடு இணைக்கப்பட்டுவிடும்; அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்தால் முடிவு தேதி தெரியும். கடைக்காரர் விற்பதோ பெரும்பாலும் மூன்றாவது ஒருவருடைய வாக்குறுதியாகும். கடையின் பெயர் மேலே பெரிய எழுத்திலிருக்க, உண்மையில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர் கீழே பொடி எழுத்திலிருக்கும். அப்படிப்பட்டவற்றில் அசல் பாகங்களே போடுவார்களா, எங்கே பழுது பார்ப்பார்கள், பழுது பார்க்க இயலாவிட்டால் யந்திரத்தின் விலை முழுவதும் தருவார்களா அல்லது வருஷத்திற்கு இவ்வளவு தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்களா என்னும் கேள்விகளுக்கு ஷரத்துத்தாளில் விடை இருக்கவேண்டும். தாளைப் பணம் கட்டிய பிறகுதான் தர முடியும் என்று சொல்லும் கடையில் யந்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுவது உத்தமம்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. உதாரணத்திற்காக, 50,000 ரூபாய் யந்திரத்திற்கு இரண்டு வருஷ நீட்டிப்பின் கிரயம் 5,000 ரூபாய் என்றும், வாரண்டியில் சேரக்கூடிய ஒரு பெரிய பழுதைச் சரி செய்ய 15,000 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வியாபாரம் வாங்குவோருக்குச் சமமாக முடிய வேண்டுமானால், மூன்று யந்திரங்களில் ஒன்று அந்த இரண்டு வருஷத்திற்குள் அவ்விதம் பழுதாகவேண்டும். மூன்றில் ஒன்று பழுதாகும் என்று தெரிந்தால், விற்பவர் 5,000 ரூபாய்க்கு அதைக் கொடுக்கவே மாட்டார்! தம் செலவும் லாபமும் போக மிச்சமிருக்கும் என்று கணக்கிட்டுத்தான் கிரயம் வைக்கிறார். அது குற்றமன்று, இன்ஷூரன்ஸ் வியாபாரம் முழுவதும் அவ்வாறே நடப்பது. ஆனால் வாங்குவோரும் தம் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டாமா?

யந்திர சாஸ்திரிகள் கூறும் ஓர் உண்மையும் இவ்விடத்தில் பொருந்தும். பழுதுகள் எப்போது அதிகம் நேருகின்றன என்று கோடு வரைந்தால், அது குளிக்கும் தொட்டியின் குறுக்குவெட்டைப்போல் இருக்கும் என்பார்கள். ஆரம்ப மாதங்களில் உற்பத்திக் குறைகள் வெளிப்பட்டு விடுவதால் அந்த ஓரம் உயர்ந்திருக்கும். நடுவே நெடுந்தூரம் தாழ்ந்து தட்டையாக இருக்கும். முதுமையில் பாகங்கள் தேய மறுபடியும் உயரும். முதல் ஓரத்திற்குக் கம்பெனியின் முதல் வருஷ வாரண்டி போதும். கடைசி ஓரம் வருமுன் நீட்டிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். நாம் பணம் கொடுத்து வாங்குவது நடுவிலுள்ள தட்டைப் பாகத்தையே.

அப்படியானால் எவரும் வாங்கவே வேண்டாமா என்றால், அவ்வாறு நாம் சொல்லவில்லை. 15,000 ரூபாய் திடீரென்று செலவழிக்க நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே நிலைகுலையும் என்றால், நிச்சயமான சிறு செலவை ஏற்று நிச்சயமில்லாத பெருஞ்செலவைத் தவிர்ப்பது விவேகமே. பாகங்கள் யாவும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்ட மெல்லிய யந்திரங்களில், நினைவகம் ஒன்று கெட்டாலும் பலகை முழுவதையும் மாற்றவேண்டியிருக்கும்; அவற்றிற்கு நீட்டிப்பு அதிக நியாயமுடையது. பாகங்களைத் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடிய யந்திரத்திற்கு அவ்வளவு அவசியமில்லை.

சிற்றூர்வாசிகளுக்கு இதில் மற்றொரு முக்கிய விஷயம் இருக்கிறது. வாரண்டியில் இரு வகை உண்டு: யந்திரத்தை நாமே சுமந்துகொண்டு சர்வீஸ் நிலையத்திற்குப் போவது ஒன்று, ஆள் வீட்டிற்கே வந்து பழுது பார்ப்பது மற்றொன்று. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வசிப்போருக்கு இவ்விரண்டிற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அறந்தாங்கியிலோ சங்கரன்கோவிலிலோ இருப்பவர் யந்திரத்தைக் கொடுப்பதற்கு ஒரு முறையும், வாங்குவதற்கு ஒரு முறையும் பெருநகரத்திற்குப் பிரயாணம் செய்யவேண்டியிருக்கலாம். இரண்டு நாள் கூலியும் பஸ் சத்தமும் சேர்ந்தால் வாரண்டி இலவசமென்பது பேச்சளவில்தான். இவர்கள் வருஷத்தை நீட்டுவதைவிட, வீட்டிற்கு ஆள் வரும் வகையாக மாற்றிக்கொள்வதற்குச் செலவிடுவது மேல். அதற்குமுன் தங்கள் பின்கோடு எல்லைக்குள் அந்தக் கம்பெனியின் ஆள் வருவாரா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளவேண்டும். வெளிநாடு சென்று படிக்கவிருக்கும் மாணாக்கர், வாரண்டி அங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நலம்.

இன்றே வாங்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று கடையில் அவசரப்படுத்துவார்கள். இது பெரும்பாலும் மெய்யன்று. பல கம்பெனிகள் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பை வாங்கிக்கொள்ள இடந்தருகின்றன. சில கம்பெனிகள் மட்டும் 60 நாள் போன்ற குறுகிய கெடு வைக்கின்றன. கெடு எவ்வளவு என்று கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொண்டால், வீட்டில் நிதானமாக ஷரத்துக்களைப் படித்து முடிவு செய்யலாம். யந்திரம் கைக்கு வந்தவுடன், அதன் வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் இட்டு வாரண்டி எந்தத் தேதியில் ஆரம்பித்ததாகக் காட்டுகிறது என்று பார்ப்பது அவசியம். கடையில் பல மாதம் கிடந்த யந்திரமானால், ஆரம்ப தேதி நாம் வாங்கிய நாளுக்கு முன்பாகப் பதிவாகியிருக்கலாம். ரசீதை அனுப்பித் திருத்திக் கொள்ளலாம். அதற்கு ரசீதில் வரிசை எண் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

இணையதள வியாபாரத்திலும் இதே தந்திரம் வேறு வேஷத்தில் நடமாடுகிறது. யந்திரத்தைத் தெரிந்தெடுத்தவுடன் வாரண்டியும் பையும் தாமாகவே கூடையில் ஏறிக்கொள்வதையும், வேண்டாமென்று மறுப்பவரை நாணச் செய்யும் வாசகங்கள் திரையில் தோன்றுவதையும் பலர் கண்டிருப்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இத்தகைய 13 தந்திரங்கள் பெயரிட்டு விலக்கப்பட்டிருக்கின்றன. வாங்குவோரின் சம்மதமின்றிக் கூடையில் சரக்கைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது மற்றொன்று. மறுப்பவரை நாணச் செய்வதற்கு அந்த நெறிமுறைகளே ஓர் உதாரணம் தருகின்றன: விமான டிக்கட்டோடு இன்ஷூரன்ஸ் வாங்காதவர், பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன் என்ற பொருளுள்ள பொத்தானை அழுத்தித்தான் மேலே செல்லவேண்டும் என்று வைப்பது! சட்டம் இவ்வளவு தூரம் கண் திறந்திருக்கும்போது, வாங்குவோர் கண்ணை மூடிக்கொள்வதற்குக் காரணமில்லை.

இனித் துணைச்சாமான்களைப் பற்றிச் சில வார்த்தைகள். இவற்றில் பெரும்பாலானவை யந்திரத்தோடு அன்றே வாங்கவேண்டியவை அல்ல. ஒரு மாதம் உபயோகித்த பிறகே எது தேவை என்பது தெரியும். பை பல கம்பெனிகள் யந்திரத்துடன் தருவது, கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். மௌஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கம்பியுள்ளது மலிவு, பாட்டரி மாற்றும் தொல்லையுமில்லை. ஆண்டிவைரஸ் என்ற பெயரால் வருஷ சந்தாவை விற்கிறார்கள். விண்டோஸிலேயே டிபெண்டர் என்னும் பாதுகாப்பு, தனிக் கட்டணமின்றி அடங்கியிருக்கிறது. சாதாரண உபயோகத்திற்கு அது போதும் என்பதே நமது கருத்து. தமிழில் எழுதுவதற்கென்று மென்பொருள் விலைக்கு வாங்கவும் வேண்டியதில்லை. 1999-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை இன்றைய விண்டோஸில் உள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் சென்று சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. கடிதம், கணக்கு முதலிய சாதாரண காரியங்களுக்கு லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கையில், சங்கங்கள் வருஷந்தோறும் சந்தா கட்டிக்கொண்டிருப்பது ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

சில சாமான்கள் உதவாததோடு தீங்கும் செய்கின்றன. விசைகளின்மேல் விரிக்கும் ரப்பர் உறை தூசியைத் தடுப்பது மெய். ஆனால் விசைகளின் இடுக்கு வழியே காற்றை இழுக்கும் யந்திரங்களில் அது உஷ்ணத்தைப் பெருக்கும். மூடும்போது திரைக்கும் விசைக்கும் இடையிலுள்ள இடைவெளி மயிரிழையளவே. அதில் எதை வைத்தாலும் திரையை அழுத்தும். காமிராவை மறைக்க ஒட்டும் சிறு மூடியால் திரை உடையக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனி 2020-ல் எச்சரித்தது நினைவிருக்கலாம். அடியில் வைக்கும் விசிறிப் பலகை அதிகமாகச் சூடேறும் விளையாட்டு யந்திரங்களுக்கு ஓரளவு உதவும். மற்றவற்றிற்கு, படுக்கையின்மேலும் தலையணையின்மேலும் வைக்காமல் பலகையின்மேல் வைத்தாலே போதுமானது. அந்தப் பணத்தில் யந்திரத்தைக் கண்மட்டத்திற்கு உயர்த்தும் ஒரு தாங்கியும், தனியே ஒரு கீபோர்டும் வாங்கினால் கழுத்து நோகாது. நாள் முழுதும் குனிந்து கணக்கெழுதும் சங்க குமாஸ்தாக்களுக்கு இது ஆடம்பரமன்று.

சார்ஜர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் ஆபத்தாகும். சென்னை ரிச்சி தெருவிலாயினும், கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டிலாயினும், வேறெங்காயினும், இரண்டாவது சார்ஜர் வாங்குவோர் அதன்மேல் இந்திய தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், R என்ற எழுத்தோடு கூடிய எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மடிக்கணினி, சார்ஜர், பவர் பாங்க் ஆகியவற்றிற்கு இந்தப் பதிவு கட்டாயம். அந்த அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் எண்ணைக் கொடுத்தால், அது யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். எண்ணில்லாத சார்ஜரால் யந்திரம் கருகினால், எந்த வாரண்டியும் குறுக்கே வராது.

இப்போது டைப்-சி என்னும் ஒரே வகை முனை பரவிவருவதால், ஒரே சார்ஜரைக் கைபேசிக்கும் கணினிக்கும் உபயோகிக்க முடிகிறது. ஐரோப்பிய யூனியன் சட்டப்படி 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இந்த முனை கட்டாயம். முனை ஒன்றாயினும் சக்தி ஒன்றன்று என்பதை மறக்கலாகாது. யந்திரம் 65 வாட் கேட்டால், கைபேசியின் 20 வாட் சார்ஜர் ஆமையைப்போல் ஏற்றும். அல்லது ஏற்றவே மாட்டாது. கம்பியும் கவனிக்கத்தக்கது: 60 வாட்டுக்கு மேல் செல்லவேண்டுமானால், 5 ஆம்பியர் தாங்கும் அடையாளச் சில்லு பதித்த கம்பி வேண்டும். விமானத்தில் செல்வோர் பவர் பாங்க் வாங்கினால் 100 வாட்-மணிக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்கவேண்டும், 3.7 வோல்ட் கணக்கில் அது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர்-மணியாகும். அதையும் கைப்பையில்தான் வைத்துக்கொள்ளவேண்டும்.

யூ.பி.எஸ். என்னும் மின்சேமிப்புப் பெட்டியை மடிக்கணினிக்கு விற்க முயல்வோரும் உளர். மடிக்கணினியின் பாட்டரியே அதன் யூ.பி.எஸ். அல்லவா! மின்னல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேண்டியது அதிர்ச்சி தடுக்கும் மின்பலகையே. அதன் உள்ளேயிருக்கும் சிறு வில்லை, திடீரென்று ஏறும் மின்சாரத்தைத் திருப்பிவிட்டுத் தான் தேய்ந்துபோகும்; ஆகையால் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். மூன்றாவது முனையில் எர்த் சரியாக இல்லாத வீட்டில் அந்தப் பலகை முழுப் பயன் தராது. இடி இடிக்கும்போது செருகியைப் பிடுங்கிவிடுவதற்குச் சமமான காப்பு இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

இவ்வளவு சொல்லியும் முக்கியமானதை நாம் இன்னும் சொல்லவில்லை. யந்திரம் கெட்டால் வேறொரு யந்திரம் வாங்கலாம். அதிலிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும், பத்து வருஷக் கணக்கையும், காலமான தாயாரின் படங்களையும் எந்தக் கடையில் வாங்குவது? வாரண்டி ஷரத்துக்களைக் கடைசிவரை படிப்போர், யந்திரத்தில் சேமித்த விவரங்கள் அழிந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்ற வரியை அநேகமாக எல்லாவற்றிலும் காண்பர். பழுது பார்க்கக் கொடுத்த யந்திரம் சேமிப்புப் பாகம் மாற்றப்பட்டுச் சுத்தமாகத் திரும்பி வருவது அவர்கள் ஷரத்தின்படி முற்றும் நியாயமான காரியம். மூன்று வருஷ நீட்டிப்புக்கு ஐயாயிரம் கொடுத்த ஒருவர், கடைசியில் பெறுவது காலியான ஒரு புதிய தட்டாக இருக்கக்கூடும்.

ஆகவே, மேஜையருகே விற்கப்படும் சாமான்களில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், சில ஆயிரம் ரூபாய் பெறும் வெளி ஹார்ட் டிஸ்கை வாங்குங்கள் என்போம். விந்தை என்னவெனில், அதை வாங்கும்படி விற்பனையாளர் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை! முக்கியமான விவரங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்கவேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் விதி. யந்திரத்தில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சங்கங்களில் டிஸ்க் காரியதரிசியிடமும் யந்திரம் பொக்கிஷதாரரிடமும் இருப்பது நலம். ஒரே பையில் இரண்டையும் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்வது பிரதி எடுக்காததற்குச் சமம். பென் டிரைவ் சிறு கடிதங்களை எடுத்துச் செல்லத்தான். பல வருஷம் பூட்டி வைப்பதற்கு அதை நம்பவேண்டாம்.

இதோடு ஒரு சாவி விஷயமும் இருக்கிறது. இப்போது வரும் விண்டோஸ் 11 யந்திரங்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடன் சேமிப்பு முழுவதும் தானாகவே மறைகுறியாக்கப்பட்டுவிடுகிறது. திருடன் கையில் அகப்பட்டால் இது நன்மையே. பலகை கெட்டுப் பழுது பார்த்த பிறகு, மீட்புச் சாவி என்னும் 48 இலக்க எண்ணைக் கேட்டால், அதை அறியாத உடையவரும் திருடனும் ஒரே நிலையில் நிற்பார்கள். அந்த எண் தம் கணக்கில் எங்கே இருக்கிறதென்று இன்றே தேடிக் கண்டு, காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்கவேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

சர்க்காரின் கடமையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நீட்டிப்பு வாரண்டி இவ்வளவு செழிப்பதற்குக் காரணம், வெளியில் பழுது பார்ப்பது கஷ்டமாகவும் கிராக்கியாகவும் இருப்பதே. அசல் பாகங்களும் பழுது பார்க்கும் முறைகளும் ஊர்தோறுமுள்ள தொழிலாளிகளுக்குக் கிடைத்தால், வாங்குவோருக்கு அந்தப் பயம் பாதியாகும். நம் இளைஞர்களுக்குப் பிழைப்பும் உண்டாகும். இந்திய சர்க்கார் 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டியை நியமித்து, அதே வருஷம் டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் திறந்தது. தளம் திறந்ததோடு திருப்தியடைய முடியாது. பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி 1 முதல், ஒரு மடிக்கணினியைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை விலையருகே காட்டவேண்டுமென்று சட்டம் இருக்கிறது. அத்தகைய எண் நம் கடைகளிலும் கட்டாயமாகத் தொங்குமானால், பத்து நிமிஷப் பேச்சுக்கு இடமே குறைந்துவிடும்.

அதுவரை இருக்கும் சட்டத்தையேனும் உபயோகிக்கவேண்டும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. ஒரு சரக்கை வாங்கவேண்டுமானால் மற்றொன்றையும் வாங்கியே தீரவேண்டும் என்று நிபந்தனை விதிப்பது இச்சட்டப்படி தடைசெய்யப்பட்ட வியாபார முறை. வாரண்டி எடுத்தால்தான் தள்ளுபடி விலையில் யந்திரம் கிடைக்கும் என்று வற்புறுத்தும் கடையில், அதை எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்துடன் நின்றுவிடும். யந்திரத்திற்கும் வாரண்டிக்கும் சாமான்களுக்கும் தனித்தனியே விலை காட்டிய ரசீது வேண்டும். வாக்குறுதி கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும் முடிவு தேதியும் அதில் இருக்கவேண்டும்.

வாரண்டி இருந்தும் பழுது பார்க்க மறுத்தால், முதலில் எழுத்து மூலம் கம்பெனிக்கு அறிவித்து, பதிலைப் பத்திரப்படுத்தவேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குகளை அது விசாரிக்கும். 5 லட்சம் வரையுள்ளவற்றிற்குக் கட்டணமே கிடையாது. கம்பெனியின் தலைமை ஆபீஸ் பெங்களூரிலோ டில்லியிலோ இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம் என்பது புதிய சட்டத்தின் பெரிய அனுகூலம். வியாபார நோக்கத்திற்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் கையுழைப்பால் பிழைப்பதற்காக வாங்கிய தட்டெழுத்தாளரும் படம் வரைவோரும் இந்த விலக்கிற்கு உட்பட்டவரல்லர். வழக்கிற்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்திற்குள் தாக்கல் செய்யவேண்டும். சர்வீஸ் நிலையத்தில் யந்திரத்தைக் கொடுக்கும்போதெல்லாம், தேதியும் பழுதின் விவரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருப்பவருக்கு, அந்த ஆணையத்தின் முன் வக்கீல் இல்லாமலே தம் வழக்கை எடுத்துரைக்க முடியும்.